மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் கண்ணாடியைப் பற்றித்தான். அதனால் பிரேக், கிளட்ச் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு முழுக்க பவர் விண்டோ. கேட்டவர்களில் பெரும்பாலோர் 'மோட்டார் போய்விட்டது' என்று தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் கேள்வியையே ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில்தான் வழக்கு.

கேள்வி: அண்ணே, டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி அப்படியே கதவுக்குள் விழுந்துவிட்டது. இப்போது ஸ்விட்சை அழுத்தினால் 'விர்ர்' என்று சத்தம் மட்டும் வருகிறது. மோட்டாரை மாற்றினால் போதுமா? வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: தம்பி, 'விர்ர்' என்று சுற்றுகிற மோட்டார் உயிரோடு இருக்கிறது. செத்தது வேறு. கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் அமைப்புக்கு ரெகுலேட்டர் என்று பெயர். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் கேபிள் வகைதான். செங்குத்தாக ஒரு தண்டவாளம், சில வண்டிகளில் இரண்டு. அதில் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கண்ணாடியின் அடிப்பாகத்தைப் பிடித்திருக்கும். மோட்டாரின் முன்னால் ஒரு டிரம். கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல மெல்லிய இரும்புக் கேபிள் அந்த டிரம்மில் ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் அவிழும். அந்த இழுப்பில் பிளாஸ்டிக் துண்டு ஏறும், இறங்கும்.

உங்களுக்குக் கேட்ட 'டொக்', அந்தப் பிளாஸ்டிக் துண்டு உடைந்த சத்தமாகவோ கேபிள் அறுந்த சத்தமாகவோ இருக்கும். கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கேபிள் நடுவில் அறுவது அபூர்வம். தண்டவாளத்தின் மேல் முனையில் கேபிள் திரும்புகிற சின்னப் பிளாஸ்டிக் சக்கரத்தருகே, ஒவ்வொரு இழையாகப் பிரிந்து, முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டு, கடைசி இழை ஒருநாள் விட்டுவிடும். பிரிந்த இழை டிரம்மில் சிக்கினால் 'விர்ர்' இருக்காது, 'கரகர' என்று கேட்கும். கையுறை இல்லாமல் அந்தக் கேபிளைத் தடவிப் பார்க்காதீர்கள், ஊசி மாதிரி ஏறும்.

ஆகவே மாற்ற வேண்டியது ரெகுலேட்டர். சில வண்டிகளுக்கு மோட்டாரோடு சேர்த்துத்தான் கிடைக்கும், சிலவற்றுக்குத் தனியாகவும் கிடைக்கும். வாங்கும்போது முன்கதவா பின்கதவா, இடதா வலதா, மோட்டார் உண்டா இல்லையா, மோட்டார் பிளக்கில் எத்தனை பின் என்று எல்லாவற்றையும் சொல்லி வாங்குங்கள். பழையதைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்து, தண்டவாள நீளமும் போல்ட் துளைகளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பழையதைத் தூக்கிப் போடுங்கள்.

வீட்டில் செய்யலாமா? தாராளமாக. ஆனால் முதல் முறை என்றால் அரை நாள் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். 'ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வெளியே போகலாம்' என்று ஆரம்பித்தவர்கள்தான் கிளிப்பையெல்லாம் உடைத்து வைப்பார்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் கதவுக்குள் அதற்கான சென்சார் இருக்கலாம். அதனால் கழற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்துக் கதவில் கை வையுங்கள். அந்த சென்சாரின் பிளக்கைக் கழற்ற நேர்ந்தால், அதைத் திரும்ப மாட்டாமல் இக்னிஷனைப் போடாதீர்கள். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகையை, அதாவது டிரிம்மைக் கழற்றுவதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஸ்க்ரூக்கள் கண்ணில் படாது. கைப்பிடிக் குழிக்குள் ஒரு சின்ன மூடி, அதற்குக் கீழே ஒன்று. உள்பக்கத் திறப்பியின் பின்னால் ஒன்று. சைடு மிரர் இருக்கும் முக்கோண மூடிக்குள் ஒன்று. சில வண்டிகளில் கதவின் ஓரத்திலும் ஒன்றிரண்டு. எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று இன்னொரு முறை தேடிவிட்டுத்தான் டிரிம்மை இழுக்க வேண்டும். கீழ் மூலையிலிருந்து ஆரம்பித்து, பிளாஸ்டிக் நெம்பியைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே விட்டு நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நெம்பினால் பெயின்ட் போகும், டிரிம்மின் அட்டையும் கிழியும். கிளிப்பெல்லாம் விட்ட பிறகு டிரிம்மை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து கழன்று வரும். உடனே பின்னால் இழுத்துவிடாதீர்கள். ஸ்விட்ச் பிளக், திறப்பிக் கேபிள், விளக்கு ஒயர் என்று பின்னாலிருந்து எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

டிரிம்முக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் ஒன்று, கறுப்பாக, பிசுபிசுவென்ற பசையில் ஒட்டியிருக்கும். இதைக் கிழிக்காமல், பசையில் விரல் படாமல், மெதுவாக உரியுங்கள். காரணத்தை இன்னொரு வாசகிக்குச் சொல்லும் பதிலில் பாருங்கள்.

இனி கண்ணாடி. உங்கள் வண்டியில் அது அடியில் கிடக்கிறது. கையால் மேலே தூக்கி, கதவின் மேல் சட்டத்தைத் தாண்டி உள்ளும் புறமும் வருகிற மாதிரி அகலமான டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு பட்டை போதாது. கனமான பொருள் அது, விரல் மேல் விழக்கூடாது. கண்ணாடி இன்னும் பிளாஸ்டிக் துண்டைப் பிடித்திருந்தால், இரண்டு போல்டோ கிளாம்ப்போ இருக்கும், பெரும்பாலும் 10-ம் நம்பர் சாக்கெட். கதவின் உள்தகட்டில் அதற்கென்றே துளை விட்டிருப்பார்கள், ரப்பர் மூடி போட்டிருக்கும். கண்ணாடியைக் கையால் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் போல்ட் அந்தத் துளைக்கு நேராக வரும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பதப்படுத்தியவை. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் ஸ்பேனர் பட்டால் நொடியில் பொடியாகிவிடும், ஓரத்தில் கவனம்.

ரெகுலேட்டர் சில வண்டிகளில் நட்டில் நிற்கும், சிலவற்றில் ரிவெட்டில். ரிவெட் என்றால் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்து, மிச்சத்தைத் தட்டி உள்ளே தள்ளிப் பிறகு பொறுக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் ஓடும்போது கதவுக்குள் கலகலவென்று உருளும். கதவுத் தகட்டின் ஓரங்கள் பிளேடு மாதிரி இருக்கும், முழங்கை வரை கையை விட வேண்டி வரும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

புதியதை மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையாலேயே லேசாகப் பிடித்துவிட்டு, பேட்டரியை இணைத்து, கண்ணாடியை உச்சி வரை ஏற்றுங்கள். அது தான் ஓடுகிற ரப்பர் பள்ளத்தில் தானாகச் சரியாக உட்கார்ந்துகொள்ளும். அப்போது கண்ணாடி போல்ட்டை இறுக்குங்கள், அப்புறம் தண்டவாளத்தை. பிளாஸ்டிக் கிளாம்ப்பை முரட்டுத்தனமாக இறுக்கினால் அங்கேயே கீறல் விழும். டிரிம்மைப் போடுவதற்கு முன் பல முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்விட்ச் பிளக்கில் இருக்கும்போது டிரம் பக்கம் விரலை விடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சும்மா அழுத்திப் பார்ப்பார்கள், பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ரெகுலேட்டரைக் கழற்றி, கண்ணாடி எதிலும் மாட்டாமல் தனியாக இருக்கிற அந்தச் சமயத்தில், டேப்பை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் கண்ணாடியைப் பள்ளத்திலேயே மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சுலபமாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முக்கி முனகித் தள்ள வேண்டியிருந்தால், உங்கள் ரெகுலேட்டரைக் கொன்றது அந்த ரப்பர் பள்ளம். அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஒரே கதவுக்குத் திரும்பத் திரும்ப ரெகுலேட்டர் மாற்றிவிட்டு 'டூப்ளிகேட் சாமான், தரமில்லை' என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சட்டமில்லாத கதவு, அதாவது கண்ணாடியைச் சுற்றி மேலே இரும்புச் சட்டமே இல்லாத வண்டி என்றால் இந்த வேலையில் வீட்டில் இறங்காதீர்கள். அதில் கண்ணாடியின் சாய்வையும் உயரத்தையும் துல்லியமாக அமைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் காற்றும் மழையும் உள்ளே வரும்.

கேள்வி: ஐயா, என் வண்டியில் பின்பக்கக் கண்ணாடி ஒன்று ஏறும்போது முக்கால் தூரம் போய் நின்றுவிடுகிறது. பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. பத்து நிமிடம் கழித்து அழுத்தினால் ஏறுகிறது. மோட்டார் வாங்கி வைத்துவிட்டேன். மாற்றட்டுமா?

பதில்: வாங்கியதைப் பிரிக்காமல் வையுங்கள், திருப்பிக் கொடுக்க நேரலாம். நீங்கள் சொல்வது நல்ல மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற லட்சணம். பெரும்பாலான விண்டோ மோட்டார்களுக்குள் சூட்டுக்குத் துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு ஒன்று உண்டு. பாரம் அதிகமாகி, மின்னோட்டம் ஏறி, மோட்டார் சூடானால் அது இணைப்பை விட்டுவிடும். ஆறியதும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். நீங்கள் சொன்ன அந்த இடைவேளை அதுதான். பிள்ளைகள் விளையாட்டாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாலும் இப்படி நிற்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு முறை ஏற்றும்போதே நிற்கிறது என்றால் கண்ணாடி கனத்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி ஓடுகிற ரப்பர் பள்ளத்தை, நாங்கள் பீடிங் என்போம், விரலால் விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். உட்புறத்தில் மெல்லிய பஞ்சு மாதிரி ஒரு பூச்சு இருக்க வேண்டும். வருடக்கணக்கில் வெயிலும் தூசியும் பட்டு அது தேய்ந்து, ரப்பர் வறண்டு, மண் அப்பிக்கொண்டு, உப்புக் காகிதம் போல ஆகியிருக்கும். தட்டையான மரக்குச்சியில் ஈரத்துணி சுற்றி, பள்ளத்தில் விட்டு, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு சிலிக்கான் ஸ்பிரேயை மெல்லிய குழாய் வைத்து இரு பக்கப் பள்ளத்திலும் அடித்து, கண்ணாடியைச் சில முறை ஏற்றி இறக்குங்கள். கண்ணாடியின் மேல் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரவில் எதிரே வரும் விளக்கு வெளிச்சம் பரவும்.

சமையல் எண்ணெய், என்ஜின் ஆயில், கிரீஸ் எதையும் அங்கே தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய்க்கு ரப்பர் ஊதிக்கொள்ளும், பிசுபிசுப்பில் தூசி இன்னும் வேகமாக ஒட்டும். முதல் வாரம் அருமையாக ஓடும், அப்புறம் முன்னைவிட மோசமாகும். கிரீஸ் வேண்டிய இடம் கதவுக்குள் இருக்கும் தண்டவாளம், அதுவும் பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளை லித்தியம் கிரீஸ், ஒரு மெல்லிய பூச்சு. பீடிங் ஒரு இடத்தில் மடங்கிக் கிடந்தாலும், அதன் உள் விளிம்பு கிழிந்திருந்தாலும், எந்த ஸ்பிரேயும் பலன் தராது. புது பீடிங்தான் போட வேண்டும். அது உருவி எடுத்து அழுத்தி மாட்டுகிற வேலை, டிரிம்மைக்கூடக் கழற்ற வேண்டியிருக்காது, அநேக வண்டிகளில்.

இத்தனையும் செய்து, ரெகுலேட்டரிலிருந்து விடுவித்த கண்ணாடி கையால் தள்ளினாலே சுலபமாகப் போகிறது, ஆனாலும் மோட்டார் திணறுகிறது என்றால் அப்போது அந்தப் பெட்டியைப் பிரிக்கலாம்.

கேள்வி: அண்ணா, ஸ்விட்சை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. நான் ஒரு மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன். எங்கே தொட்டுப் பார்ப்பது?

பதில்: மீட்டரை எடுப்பதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று. இருட்டியபின் உள்விளக்கைப் போட்டுவிட்டு, என்ஜின் ஓடாமல், இக்னிஷன் மட்டும் போட்டு, ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு கொஞ்சம் மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, எதுவோ இறுகியிருக்கிறது. துளியும் மங்கவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது: ஃபியூஸ், ஸ்விட்ச், ஒயர், இல்லையென்றால் மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்.

எல்லாக் கண்ணாடியும் செத்துவிட்டதா, ஒன்று மட்டுமா? எல்லாமே என்றால் ஃபியூஸ் அல்லது ரிலே. அதற்கு முன் ஓட்டுநர் கதவில் இருக்கும் கண்ணாடிப் பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். 'மூன்று கதவு வேலை செய்யவில்லை' என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வராத குறையாக வருவார்கள், அந்தப் பொத்தானை அமுக்கினால் சரியாகிவிடும். பணம் வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும். ஒரு கதவு மட்டும் என்றால், அந்தக் கதவின் ஸ்விட்சிலும் ஓட்டுநர் பக்க மாஸ்டர் ஸ்விட்சிலும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றொன்றில் செய்யவில்லையென்றால் மோட்டார் நல்லது. பல வண்டிகளில் மற்றக் கதவுகளுக்குப் போகிற மின்சாரம் மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகத்தான் போகும். எனவே மாஸ்டரில் ஒரு முனை கருகினாலும் பின் கதவு நிற்கும். பின் கதவுகள் இரண்டின் ஸ்விட்சும் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வேறு சோதனையே வேண்டாம்.

அழுத்திக்கொண்டே மோட்டார் இருக்கும் இடத்தில் டிரிம்மைக் கையால் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இது மட்டும்தான் மோட்டார் நிஜமாகவே குற்றவாளி என்று நான் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்கிற இடம்.

இப்போது மீட்டர். சாதாரணமாக இரண்டு ஒயர் மட்டும் உள்ள மோட்டாரில், ஏற்றும்போது ஒரு ஒயரில் 12 வோல்ட், மற்றது எர்த். இறக்கும்போது அப்படியே தலைகீழ். திசை மாறுவதன் ரகசியம் அவ்வளவுதான். மோட்டார் பிளக்கில் மீட்டரை வைத்து ஸ்விட்சை அழுத்துங்கள். ஆனால் மீட்டர் பொய் சொல்லும். ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை. மோட்டார் கேட்கிற ஆம்பியரை அந்த ஒற்றை இழையால் தர முடியாது. அதனால் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியின் பழைய இண்டிகேட்டர் பல்பு போதும். பல்பு பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். மீட்டர் 12 காட்டி, பல்பு மினுங்கினால் ஒயரைத் தேடுங்கள்.

எங்கே தேடுவது? கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, அங்கே. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒயர்கள் மடங்குகின்றன. பார்த்தால் மேலுறை நன்றாகவே இருக்கும். இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்தால் கண்ணாடி வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் நேராக அந்தக் குழாயைத்தான் பிரிப்பேன். அறுந்ததை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயரில் ஒரு துண்டு சேர்த்து, ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு, இணைப்பு மடிப்பில் வராதபடி நகர்த்தி வையுங்கள்.

மோட்டாரில் இரண்டுக்கு மேற்பட்ட ஒயர் இருந்தால் அதற்குள் மின்னணுப் பலகை இருக்கலாம். பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்துச் சோதிக்கும் வழக்கத்தை அதில் காட்டாதீர்கள்.

கேள்வி: கண்ணாடி திறந்தபடி நின்றுவிட்டது, மழை வருகிறது. அந்த நேரத்துக்கு என்ன செய்வது?

பதில்: கண்ணாடியை உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில், ஒன்று உள்ளே ஒன்று வெளியே, அழுத்திப் பிடித்து மேலே தள்ளுங்கள். கேபிள் அறுந்திருந்தால் வந்துவிடும், டேப் ஒட்டி நிறுத்துங்கள். துளியும் அசையவில்லையென்றால் மோட்டாரின் திருகுப் பல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு வழிப் பாதை: மோட்டார் சுற்றினால் கண்ணாடி நகரும், கண்ணாடியைத் தள்ளி மோட்டாரைச் சுற்ற முடியாது. திருடன் கண்ணாடியை அழுத்தி இறக்க முடியாமல் இருப்பதும் அதனால்தான். அப்போது ஒருவர் ஸ்விட்சை 'மேலே' அழுத்திப் பிடிக்க, கதவை ஒரு முறை ஓங்கிச் சாத்துங்கள். பிரஷ் ஒட்டியிருந்தால் அதிர்ச்சியில் ஓட ஆரம்பிக்கும். முரட்டு வைத்தியம்தான், ஆனால் பலிக்கும். கண்ணாடியில் விரிசல் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். ஏறியதும் அந்தக் கதவின் கண்ணாடியைச் சரிபார்க்கும்வரை இறக்கவே வேண்டாம்.

கேள்வி: கண்ணாடி ரிப்பேருக்குப் பிறகு, மழை பெய்தால் காலடியில் கார்பெட் நனைகிறது. கதவின் ரப்பர் சரியாகத்தான் இருக்கிறது. ஏன் ஐயா? (வாசகி)

பதில்: அம்மா, கழற்றியவர் அந்தப் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டியிருக்க மாட்டார், அல்லது கிழித்துவிட்டு அங்கங்கே டேப் போட்டிருப்பார். கார் கதவுக்குள் தண்ணீர் வருவது இயல்பு. கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பரைத் தாண்டி மழைநீர் உள்ளே இறங்கி, கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் டிரிம் பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள் ஒன்றுதான். டிரிம்மைக் கழற்றச் சொல்லி, தாள் கிழிந்திருந்தால் மொத்தமான பாலித்தீனில் அதே அளவுக்கு வெட்டி, பியூட்டைல் பசை நாடா வைத்து, கீழ் ஓரம் கதவுத் தகட்டுக்குள்ளே போகிறபடி ஒட்டச் சொல்லுங்கள். அப்படியே கதவின் அடி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். துளையில் மண் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவை ஆட்டினால் 'தளக் தளக்' என்று கேட்கும். மோட்டாரும் ரெகுலேட்டரும் துருப்பிடிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கேள்வி: பேட்டரி மாற்றியதிலிருந்து ஒரே தட்டில் ஏறுகிற கண்ணாடி, விட்டு விட்டு ஏறுகிறது. இன்னொரு கதவிலோ உச்சிக்குப் போய்விட்டுத் தானாகக் கீழே இறங்குகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு. முதலாவது ஞாபகமறதி. உச்சி எங்கே என்பதை அந்த அமைப்பு மறந்துவிட்டது. பல வண்டிகளில் கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு ஸ்விட்சை மேலே இழுத்துப் பிடித்து, உச்சியைத் தொட்ட பிறகும் சில விநாடி விடாமல் வைத்திருந்தால் கற்றுக்கொள்ளும். வண்டிக்கு வண்டி முறை மாறும், கையேட்டில் பாருங்கள்.

இரண்டாவது, கை சிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு. ஏறும்போது மோட்டாரின் வேகமோ மின்னோட்டமோ மாறுவதை வைத்து, நடுவில் ஏதோ தடை என்று முடிவுசெய்து கண்ணாடியைத் திருப்பிவிடும். வறண்ட பீடிங்கில் கண்ணாடி முக்கினாலும் அதற்குக் குழந்தையின் கை மாதிரித்தான் தெரியும். மேலே சொன்ன துணி, குச்சி, சிலிக்கான் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொந்தரவாக இருக்கிறது என்று இந்தப் பாதுகாப்பை எடுத்துவிடச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. செய்ய மாட்டேன்.

கேள்வி: என்னுடையது பழைய வண்டி. கேபிள் இல்லை, கத்தரி மாதிரி இரண்டு இரும்புக் கை இருக்கிறது. மோட்டாரை மட்டும் கழற்றலாமா?

பதில்: நில்லுங்கள். அந்தக் கத்தரி வகையில், கண்ணாடியின் கனத்தைச் சமன்செய்யச் சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது மோட்டாரின் பல். மோட்டாரைக் கழற்றிய மறுகணம் பல்சக்கரத் தகடு சாட்டை மாதிரி திரும்பும், நடுவில் விரல் இருந்தால் போச்சு. முதலில் பல்சக்கரத் தகட்டையும் பின்தகட்டையும் துளை போட்டு ஒரு போல்ட்டால் சேர்த்துப் பூட்டுங்கள், அல்லது வலுவான கிளாம்ப் போடுங்கள். அதன்பிறகு மோட்டாரில் கை வையுங்கள். சந்தேகமிருந்தால் ரெகுலேட்டரோடு முழுசாக இறக்கி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போங்கள். மற்றபடி இந்த வகை நீடித்து உழைக்கும். அச்சுகளில் கிரீஸ் வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

கேள்வி: பவர் விண்டோ எப்போது வந்தது?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட முன்னாலேயே. அமெரிக்காவில் 1941 மாடல் பாக்கார்ட் 180 காரில் இருந்தது. அதில் கண்ணாடியைத் தூக்கியது ஹைட்ராலிக் அழுத்தம். கதவுக்குள் எண்ணெய்க் குழாய் கசிவதை ரிப்பேர் செய்கிற வேலை நமக்கு வாய்க்காமல் போனதற்கு நன்றி சொல்லிக்கொள்வோம்.

கேள்வி: புது வண்டி. பின் கதவுக் கண்ணாடி முழுக்க இறங்காமல் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் அப்படியே. மோட்டார் பலம் போதவில்லையா?

பதில்: பின் சக்கரத்துக்கு இடம் விட, அந்தக் கதவின் கீழ்ப்பகுதியைப் பின்பக்கம் வளைத்து வெட்டியிருக்கிறார்கள். முழுக் கண்ணாடியும் இறங்க உள்ளே இடமே இல்லை. எதையும் கழற்றாதீர்கள்.